செங்கோடன் கட்டிய வீடு

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்று வளர்த்தது ஐந்து, ஓரகத்தி போன பிறகு என்னிடம் வந்து சேர்ந்த அவள் பிள்ளைகள் இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்தேன். ஏழு பேரும் சொந்தக் காலில் நிற்கிறார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு? நாமக்கல் பக்கத்தில் காட்டுவேலை செய்துகொண்டிருந்தவள், லாரி ஓட்டிய என் வீட்டுக்காரர் பின்னால் இந்த நாக்பூருக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்குப் பழகாத காரியம் ஒன்று இங்கே உண்டு. காலையில் எங்கள் மெஸ்ஸில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் சாமி படத்தைத் துடைப்பேன். அதே துணியால் பக்கத்தில் மாட்டியிருக்கும் லைசென்சையும் துடைப்பேன். கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டி வைக்க வேண்டுமாம். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும் என்பதற்கு ஒரு காகிதம்! பன்னிரண்டு வயதிலிருந்து வடிக்கிறேன்.

அந்தக் காகிதம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து லாரிக்காரர்கள் சோற்றுக்கு அலைவதைப் பார்த்து, ஒரு ஓட்டுக்கொட்டகையில் மெஸ் ஆரம்பித்தேன். ஒருநாள் மத்தியானம் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தார், புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு மராட்டி ஒரு எழுத்துத் தெரியாது. பசியோடு வந்த மனிதர் என்று நினைத்து இலையைப் போட்டேன். அவரும் உட்கார்ந்தார். இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவினார். துண்டில் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நோட்டீசு எழுதி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கிளீனர் பையன் அதைப் படித்துச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. லைசென்சு இல்லாமல் கடை நடத்துகிறேனாம்.

நான் அன்று கோபப்படவில்லை. இது அடுத்தவர் ஊர், கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எண்ணினேன். எத்தனை நடை நடந்தேன் தெரியுமா? புகைக்கூண்டை உயர்த்தினேன், தொட்டிக்கு மூடி போட்டேன், டாக்டரிடம் போய் எனக்குத் தொற்றுநோய் இல்லை என்று எழுதி வாங்கினேன். கைநாட்டு வைக்கக் கூச்சமாக இருந்ததால், மூத்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, நல்லம்மாள் என்று என் பெயரை எழுதப் பழகினேன். இந்த ஊரில் நான் மீறிய சட்டம் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்டவள், என் சொந்த ஊரில் போய் மாட்டிக்கொண்டேன்.

மெஸ்ஸில் உழைத்ததைக் கொண்டு எங்கள் ஜில்லாவின் தலைநகர் சேலத்தில் அஸ்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு வாங்கியிருந்தேன். வாடகைக்கு விடத்தான் வாங்கினேன். ஒரு டீச்சரம்மா குடியிருந்தார். கண்ணியமான மனுஷி. எழுபதுகளின் கடைசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஓடு ஒழுகுகிறது, சுவர் ஊறுகிறது, கல்யாணம் செய்து கொடுத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், ஏதாவது செய்யுங்கள் என்று எழுதியிருந்தார். செய்வதுதானே முறை? முன்பக்கத்து ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவது, தெற்கே பார்த்த வாசலைக் கிழக்கே திருப்புவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் அப்போது காலமாகியிருந்தார். மெஸ்ஸை மருமகளிடம் விட்டுவிட்டு, சித்திரையில் ரயிலேறிச் சேலத்தில் இறங்கினேன்.

கொத்தனார் செங்கோடன் பனமரத்துப்பட்டிக்காரர். அந்த ஊர் ஏரிக்கரை ஓரத்து வீடுகளில் பாதி அவர் கை பட்டவை. அவர் மனைவிதான் சித்தாள். இரண்டு பேரும் வேலை செய்தால் பேச்சுச் சத்தமே இருக்காது, கரண்டிச் சத்தம்தான் இருக்கும். வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அதுதான் ஒப்பந்தம். அதற்குமேல் எழுத்து எதற்கு? ஆனால் அவர் வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்கம்மா, ஆபீசுல எழுதிக் குடுத்துட்டீங்களா? சர்வேயர் கையெழுத்துப் போட்ட பிளான் வேணுமுங்களாமா."

எனக்குச் சுருக்கென்றது. "என்ற ஊட்டுக்கு நான் யாரைக் கேக்கோணும்? நீங்க இதுவரைக்கும் எத்தன ஊடு கட்டியிருப்பீங்க?"

"எண்ணி வெக்கலீங்க."

"அதுல உழுந்தது எத்தன?"

அவர் மனைவி அவருக்கு முன்னால் சிரித்துவிட்டாள். "அவரு கட்டுன கோழிக்கூண்டுகூட உழுவலீங்க அம்மா. கோழிதான் செத்துப்போச்சு."

"அப்பறம் என்னங்க பிளானு? பாத்துக்கலாம் போங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அடுத்தவர் ஊரில் தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அனுமதி வாங்கியவள், என் மண்ணில் எனக்கு எவன் அனுமதி கொடுப்பது என்று நினைத்தேன். வெளியூர் போய் இருக்கிற நம் ஆட்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். சொந்த ஊர் என்றால் சட்டமும் நம் சொந்தக்காரர் என்கிற நினைப்பு.

நாள் வேறு நெருக்கியது. வைகாசிக்குள் நிலவு வைத்தாக வேண்டும். வாசற்கால் நிறுத்துவதை நாங்கள் நிலவு வைப்பது என்போம். வைகாசியை விட்டால் ஆனி, ஆடி இரண்டும் ஆகாது, ஆவணி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மெஸ்ஸை யார் பார்ப்பது? சோசியர் வைகாசி கடைசிப் புதன்கிழமை குறித்துக் கொடுத்தார். விடிகாலையில் கிழக்குச் சுவரை உடைத்த இடத்தில் வேப்பமரத்து நிலவை நிறுத்தி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து மேலே கட்டி, பால் தெளித்து வைத்தோம். செங்கோடன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஒரு நூலு பிசகலீங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாளே முன்பக்கத்து ஓட்டை இறக்கிவிட்டோம். டீச்சரம்மாவும், கைக்குழந்தையோடு அவர் மகளும் பின்னறையில் ஒண்டிக்கொண்டார்கள். இருபது நாளில் தளம் போட்டுவிடலாம் என்பது கணக்கு.

மூன்றாம் நாள் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். முனிசிபாலிட்டிக் கட்டட இன்ஸ்பெக்டராம். நிலவையும் மஞ்சள் முடிச்சையும் பார்த்தார்.

"நாள் பாத்து வெச்சீங்களாக்கும்?"

"ஆமாங்க, புதங்கெழமை."

"பிளான் எங்கீங்க?"

நான் நிலவில் பால் காய்ந்த இடத்தை முந்தானையால் துடைத்தேன்.

"சாமிகிட்ட உத்தரவு வாங்கிட்டீங்க. எங்ககிட்ட வாங்கலை. செரி, நோட்டீசையும் நல்ல நாள் பாத்தே குடுத்தரட்டுங்களா?" என்று அவரே சிரித்துக்கொண்டார். பிறகு, "ஊட்டுக்காரர் எங்கீங்க? அவரைக் கூப்புடுங்க" என்றார்.

"அவரு போயிச் சேந்துட்டாருங்க. நோட்டீசை அவருக்குத்தான் குடுப்பீங்களா?"

அதற்குப் பின் அவர் சிரிக்கவில்லை. எங்கே குடியிருக்கிறேன் என்று கேட்டார். நாக்பூர் என்றேன். காகிதத்தில் எழுதிக்கொண்டே, "அப்ப நீங்க வெளி மாநிலம். உள்ளூர் ஆளு ஒருத்தர் பொறுப்பேத்துக்கோணும். லைசென்சு உள்ள ஆளு கட்டோணும். அதுவரைக்கும் ஒரு செங்கல் வெக்கக் கூடாது" என்றார். நாமக்கல் மண்ணில் பிறந்து, நாமக்கல் மண்ணில் தாலி கட்டிக்கொண்டவளைப் பார்த்து வெளி மாநிலம் என்றார். அதைச் சொன்னவருக்கு என் கடைசி மகன் வயதுகூட இருக்காது.

அதன்பிறகு நடந்த நடையை எழுதினால் உங்களுக்கும் கால் வலிக்கும். கடைசியில் லைசென்சு வாங்கிய சர்வேயர் ஒருவரைப் பிடித்தேன். கடைவீதி மாடியில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுருட்டி வைத்த காகிதங்கள். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். வீட்டை வந்து பார்க்கிறீர்களா என்றால், "எதுக்குங்கம்மா வெயில்ல? நீங்க சொல்லுங்க, நான் போட்டுக்கறேன்" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் கோடு போட்டார். கிணறு இருக்கிற இடத்தில் ஒரு சன்னல் வந்தது. அது கிணறுங்க என்றேன். "கெணத்தை யாருங்க பாக்கப் போறா" என்று சன்னலை அழித்துவிட்டுச் சுவராக்கினார். பிறகு மனுப் பாரத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். வேலை இன்னும் தொடங்கவில்லை என்று ஒரு வரி. கட்டுகிறவர் என்று இன்னொரு வரி, அதில் நான் கேள்விப்படாத ஒருவர் பெயர்.

"இது யாருங்க?"

"லைசென்சு வெச்சிருக்கறவரு. பேருக்குத்தானுங்க. உங்க கொத்தனாரே கட்டட்டும்."

"அப்ப அவரு பேரையே எழுதுங்க. செங்கோடன்."

"அவருக்கு லைசென்சு இல்லீங்களே."

"எடுத்துக் குடுக்கறேன். என்ன வேணும்?"

"பள்ளிக்கூடம் போன சர்ட்டிபிகேட்டு. அவரு கையெழுத்தாவது போடுவாருங்களா?"

போட மாட்டார். எனக்கு அது தெரியும். நாற்பது வருடமாக வீடு நிறுத்துகிறவருக்கு ஆதாரம் ஊர் முழுக்க நிற்கிறது, அது செல்லாது. வீட்டின் முகத்தைக்கூடப் பார்க்காதவர் போட்ட கோடு செல்லும். நாக்பூரில் என் சமையலுக்குக் காகிதம் கேட்டார்கள், கேட்கட்டும். அங்கே வந்தவர் அடுப்பைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், என் சோற்றையும் தின்று பார்த்துவிட்டுத்தான் எழுதினார். இங்கே பார்க்காமலே எழுதுகிறார்கள்! எனக்கு வந்த கோபத்தில் பாரத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். பொய் இல்லாமல் செய்ய வழி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். வைத்த நிலவைப் பிடுங்கி, உடைத்த சுவரை அடைத்து, ஓட்டைப் பழையபடி வேய்ந்து, பிறகு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

வந்து செங்கோடனிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஓட்டை வேணும்னா ஏத்தித் தாரேனுங்க. வெச்ச நெலவைப் புடுங்கற வேல மட்டும் என்னால ஆகாதுங்க. வேற கையப் பாத்துக்குங்க."

பிடுங்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, அவரும் செய்யமாட்டார். அப்படியே ஆனி பாதி ஓடியது. பாரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன். நான் அரும்பாடுபட்டுப் பழகிய கையெழுத்து அது, பொய்க்குக் கீழே போடுவதற்கா பழகினேன்?

ஒருநாள் சாயங்காலம் ஏற்காட்டு மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. பின்னறை ஓடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்பக்கம் பிரித்துப் போட்டதால், சேருகிற இடத்தில் சுவரோடு தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கியது. டீச்சரம்மா கட்டிலை இழுக்கிறார், இழுத்த இடத்திலும் சொட்டுகிறது. அவர் மகள் குழந்தையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு மூலையில் நிற்கிறாள். சுவருக்கு மேலே செங்கோடன் நின்றுகொண்டிருந்தார். மழை வரும்போலிருக்கிறது என்று பனமரத்துப்பட்டியிலிருந்து தானாகவே கிளம்பி வந்தாராம். அவர் மனைவி கீழேயிருந்து லாரித் தார்ப்பாயின் ஒரு முனையை ஏந்திக் கொடுக்க, அவர் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். காற்று அதை உதறியது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

இறங்கி வந்து, முகத்து நீரை வழித்தபடி அவர் கேட்டார், "அந்தக் காகிதத்துல ஏனுங்கம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?"

"உங்க பேரு அதுல இல்லீங்களே மேஸ்திரி."

"பேரு நனையாதுங்க. கொழந்தை நனையுது. போட்டுக் குடுங்க."

மறுநாள் போய்ப் போட்டுக் கொடுத்தேன். வேலை இன்னும் தொடங்கவில்லை. கட்டுகிறவர் இன்னார். இப்படிக்கு நல்லம்மாள். நல்லம்மாளில் துணைக்கால் கோணிக்கொண்டது.

அனுமதி வந்தது. செங்கோடன்தான் தளம் போட்டார். ஆவணியில் பால் காய்ச்சினோம். எங்கள் வழக்கப்படி கொத்தனாருக்கும் அவர் மனைவிக்கும் முதல் மரியாதை. வேட்டி துண்டும் சேலையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். சர்வேயர் அன்று வந்திருந்தார். அப்போதுதான் அவர் அந்த வீட்டை முதன்முதலாகப் பார்க்கிறார். தாம்பாளம் செங்கோடனிடம் போவதைப் பார்த்து, "பிளான்ல கையெழுத்து நம்மளதுங்க அம்மா" என்று விளையாட்டுப் போலச் சொன்னார். "கையெழுத்துக்குக் காப்பி இருக்குதுங்க, குடிச்சுப் போட்டுப் போங்க" என்றேன். டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அதோடு என் கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்து ரயிலேறினேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் வந்தேன். பெட்டியோடு அஸ்தம்பட்டியில் இறங்கி, முதலில் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடந்தேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. பேண்ட் சட்டை போட்ட ஒருவர், வீடு கட்டப்போகிற ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு என் வீட்டைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். தளம் ஒரு சொட்டு ஒழுகாதாம். நிலவு நிற்கிற நேர்த்தியைப் பாருங்கள் என்றார். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்கம்மா, வாடகைக்கா? காலி இல்லீங்க. ஓனரு வடக்க எங்கியோ இருக்கறாங்க, இந்தப் பக்கம் வாரதே இல்லை."

"ஊடு நல்லா இருக்குதுங்க. யாருங்க கட்டுனது?"

"நாந்தானுங்க."

வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "நாங்களும் முதல்ல நம்பலீங்க. காகிதத்தையே காட்டினாரு" என்றாள். ஸ்கூட்டர்க்காரர் பையிலிருந்து அதை உருவி என்னிடமும் நீட்டினார். எனக்குப் படிப்பு மட்டு. ஆனால் கோணின துணைக்கால் எனக்குத் தெரியாதா? கட்டுகிறவர் என்று அன்று பாரத்தில் எழுதிய அதே பெயர், அதற்குக் கீழே நான். அவர் பொய் சொல்கிறார் என்று எந்த வாயால் சொல்வேன்? அவர் கட்டியதாக எழுதிக் கொடுத்தவளே நான்தானே. "செங்கோடன்னு ஒருத்தர்..." என்று மெல்ல ஆரம்பித்தேன். "அட, அவரை உங்களுக்குத் தெரியுமா? நம்மகிட்டத்தான் கூலிக்கு வாராரு. நல்ல வேலைக்காரரு" என்றார். உள்ளே டீச்சரம்மா குழந்தையை அதட்டுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டால் ஓடி வந்திருப்பார், ஓனரம்மா என்றிருப்பார். கூப்பிடவில்லை. என் பணத்தில் எழுந்த சுவருக்கு எதிரே, பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, வீடு பார்க்க வந்த வெளியூர்க்காரியாகவே திரும்பி நடந்தேன்.

பனமரத்துப்பட்டிக்குப் போய்ச் செங்கோடனிடம் பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "நம்ம வேலை நல்லா இருக்கவுந்தானுங்களே காட்டறாரு" என்றார். அஸ்தம்பட்டிப் பக்கம் தனியாக வேலை எடுத்தால் லைசென்சு எங்கே என்று நிறுத்திவிடுகிறார்களாம், அதனால் அந்த ஆளிடமே போய்விட்டாராம். அவர் மனைவி மட்டும் அன்று எந்தக் கேலியும் செய்யவில்லை, எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கால்வாசி அவருக்கு வந்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். வரவில்லை. அதனால் அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன், ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, இத்தனை வருடமாக.

அந்த அலுவலகக் காகிதத்தை இனி யாரும் திருத்தப் போவதில்லை. ஆகவே இன்னொரு காகிதம் இருக்கட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கத்தில் என் பெயரில் இருக்கிற வீட்டைக் கட்டியவர் பனமரத்துப்பட்டிச் செங்கோடன். கூட நின்று கட்டியவள் அவர் மனைவி காவேரி. கேட்டால் என் கையெழுத்தையும் போட்டுத் தருகிறேன், இந்தத் தடவை துணைக்கால் கோணாது. நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் கடைசி மகளின் மகள், நாமக்கல்லில் படித்துவிட்டு இங்கே கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். என் பேச்சையெல்லாம் புத்தகத் தமிழாக மாற்றிக்கொண்டே வந்தாள். கை வலிக்கிறது அம்மாயி, போதுமா என்கிறாள். எழுதியது போதும். மாற்றுகிறேன் என்று செங்கோடன் பேரையும் மாற்றிவிட்டாளோ என்னமோ, யார் கண்டது? எங்கே, மொதல்ல இருந்து சத்தமாப் படிச்சுக் காட்டு சாமி. நான் கேக்கறேன்.